நான்காம் பக்கத்துச் சின்னக் கூம்பு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மைக்ரோ என்று பெயர். ஆள் ஐந்தடிக்கும் சற்றுக் குறைவு என்பது ஒரு காரணம். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு குறைந்தாலும் மேசைக்கு அடியில் குனிந்து தேடுகிற ரகம் என்பது இன்னொரு காரணம். பதினாறு வருடமாகப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற பொடி, மாத்திரை, இலை, தாள் எல்லாவற்றையும் இது இன்னதுதான் என்று பிரித்துச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அந்தக் கையெழுத்தை எந்தக் கோர்ட்டிலும் எந்த வக்கீலும் அசைத்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று நான் சொன்னால் அது பொய்.

அந்தத் தலைக்கனம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு இறங்கிற்று. இறக்கியது கூரியரில் வந்த ஒரு கண்ணாடிக் குப்பி, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாதது.

குப்பிக்குள் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூளையைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தலைகீழாகப் புரட்டிப் போடுகிற பழைய மருந்து ஒன்று உண்டு. செடியில் விளைவதில்லை, மனிதன் குடுவையில் செய்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், சுவர் மூச்சுவிடும், நிறம் காதில் கேட்கும். அதைத் தாளில் சொட்டுவிட்டு நகத்தளவு சதுரங்களாக வெட்டி விற்பார்கள். சட்டத்தின் தடைப் பட்டியலில் அதன் பெயர் பல வருடமாக இருக்கிறது. கூடத்தில் அதற்குப் 'பெரியவன்' என்று பட்டப்பெயர். பட்டியலில் இருப்பதை விற்றால்தானே வம்பு என்று எங்கோ ஒரு புத்திசாலி அந்த மூலக்கூறின் முதுகில் சின்னதாக ஒரு வாலை ஒட்டினான். வால் ஒட்டினால் வேறு பொருள், வேறு பெயர், பட்டியலில் இல்லை. ஆனால் விழுங்கியதும் உடம்பே வாலைக் கத்தரித்துவிடும். ரத்தத்தில் ஓடுவது பழைய பெரியவன்தான். இதற்குக் கூடத்தார் வைத்த பெயர் 'வாலு'.

அரசாங்கம் எதற்கும் ஆற அமரத்தான் வரும். வாலு இரண்டு வருடம் சட்டத்துக்கு வெளியே சுற்றிய பிறகு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் அரசிதழில் அச்சாகிப் பட்டியலில் ஏறியது. இனி வாலு வந்தால் அடையாளம் சொல்ல வேண்டுமல்லவா, அதற்காகச் சுத்தமான மாதிரி ஒன்றை வாங்கியிருந்தார்கள். அதுதான் குப்பி.

மைக்ரோ அதிலிருந்து ஒரு துளியை மெத்தனாலில் கரைத்தாள். பதினாறு வருடமாக எல்லாவற்றையும் அதில்தான் கரைக்கிறாள். இயந்திரத்தின் சூடான வாய்க்குள் ஊசியால் செலுத்தினாள். அந்த வாயில் சூடு இருநூற்றைம்பது டிகிரிக்கு மேல். போவது எதுவும் ஆவியாகி, ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் திரையில் ஒரு கூம்பாக எழும். இருபது நிமிடம் கழித்து ஒரு பெரிய கூம்பு எழுந்தது. பெரியவன் வழக்கமாக நிற்கிற அதே இடம். பக்கத்தில் அடக்கமாக இன்னொரு சின்னக் கூம்பு.

குப்பியில் பெரியவன் கிடையவே கிடையாது. இயந்திரத்தில் பழைய அழுக்கு ஒட்டியிருக்கும் என்று நினைத்து அதைக் கழுவி மறுபடி ஓட்டினாள். அதே இரண்டு கூம்புகள். அனுப்பியவன் எதையோ மாற்றி அனுப்பிவிட்டான் என்று திட்டிக்கொண்டே, பெட்டியோடு வந்த தாளை எடுத்தாள். நாலாவது வரியில், எறும்பு போன்ற எழுத்தில் போட்டிருந்தார்கள்: மெத்தனால் போன்றவற்றில் கரைத்துச் சூடான வாய்க்குள் செலுத்த வேண்டாம், வால் அறுந்துவிடும்.

உடம்பு வயிற்றுக்குள் செய்கிற வேலையை மெத்தனாலும் சூடும் சேர்ந்து இயந்திரத்தின் வாயிலேயே செய்துவிட்டன. உள்ளே போவது வாலு, திரையில் தெரிவது பெரியவன். அறுபடாமல் தப்பிய மிச்சம்தான் அந்தச் சின்னக் கூம்பு. அதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். எங்கே என்பது நினைவு வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பதினான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு கோப்பு. அதன் நான்காம் பக்கத்தில் இதே பெரிய கூம்பு, இதே சின்னக் கூம்பு. சின்னதின் தலைக்கு மேல் அவளே பென்சிலால் 'அசுத்தம்' என்று எழுதியிருந்தாள். முதல் பக்கத்தில் 'பெரியவன்' என்பதன் முழு நீளப் பெயர். கீழே அவள் கையெழுத்து.

அந்த வழக்கின் ஆள் ஒரு லேத்துப் பட்டறைக்காரர். அவருக்கு ஒற்றைக் கண்ணுக்குப் பின்னால் வருகிற தலைவலி. சாதாரணத் தலைவலி இல்லை. வருடத்துக்கு இரண்டு பருவம், பருவத்துக்கு ஆறு வாரம், தினமும் குறித்த நேரத்துக்கு வந்து கண்ணைப் பிடுங்குகிற வலி. மாத்திரை, ஊசி எதுவும் கேட்கவில்லை. இந்தத் தாளில் கால் துண்டு எடுத்தால் பருவமே வராமல் போகிறது என்று அதே வலிக்காரர்கள் எங்கோ எழுதியதை நம்பித் தபாலில் நாற்பது துண்டு வரவழைத்தார். டாக்டர்கள் இதை உறுதியாகச் சொன்னதில்லை. வலி வந்தவன் டாக்டருக்காகக் காத்திருப்பதும் இல்லை. மனிதர் வாங்குவதற்கு முன் அரசாங்கத்தின் தடைப் பட்டியலை அச்செடுத்து, வரிவரியாகப் பார்த்து, வாலுவின் பெயர் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்தப் பட்டியலையும் பொட்டலத்தோடு வைத்திருந்தார். போலீஸிடம் அதைத்தான் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். அப்புறம் மைக்ரோவின் அறிக்கை போயிற்று. குற்றப்பத்திரிகையில், பொய் வாக்குமூலம் தந்து விசாரணையைத் திசைதிருப்பப் பார்த்தார் என்று ஒரு வரி கூடியது.

சட்டம் தாளின் எடையையும் மருந்தாகவே கணக்குப் பண்ணும். நாற்பது துண்டு பெரியவன் என்றால் குறைந்தது பத்து வருடம். அதே நாற்பது துண்டு வாலு என்றால், பிடிபட்ட தேதியில் அது பட்டியலிலேயே இல்லை. குற்றமே இல்லை. பதினான்கு மாதமாக ஜாமீன் இல்லாமல் அந்த ஆள் உள்ளே இருந்தார். அந்த வழக்கில் சாட்சி சொல்ல மைக்ரோவுக்கு வந்த சம்மன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. வியாழக்கிழமை, காலை பத்தரை மணி.

பயம் வந்தால் சிலருக்குக் கை கால் ஓடாது. மைக்ரோவுக்குக் கை கால் மட்டும்தான் ஓடும், புத்தி நின்றுவிடும். நேரே காப்பறைக்குப் போனாள். பிடிபட்டதில் பெரும்பகுதியை, அறிக்கை வந்தபின் கோர்ட்டு உத்தரவோடு எரித்துவிட்டிருந்தார்கள். எஞ்சியிருந்தது ஒரே ஒரு சதுரம், ஆய்வுக்கூடத்து உறையில். காப்பறையில் எதைத் தொட்டாலும் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் தொட வேண்டும். அந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவளே அவள்தான். முதலில் பார்ப்போம், அப்புறம் எழுதுவோம் என்று உறையைப் பிரித்தாள்.

சதுரத்தைப் பாதியாக வெட்டினாள். ஒரு பாதியைக் குப்பியில் போட்டாள். கை தானாக நீண்டு அலமாரியிலிருந்து புட்டியை எடுத்து ஊற்றியது. ஊற்றி முடித்து மூடும்போதுதான் புட்டியின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தாள். மெத்தனால். பதினாறு வருடப் பழக்கதோஷம், எந்தத் தப்பைச் சரிபார்க்க வந்தாளோ அதையே மறுபடி செய்திருந்தது. அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

மிச்சப் பாதியை, வாலை அறுக்காத சரியான திரவத்தில் கரைத்தாள். சூடேற்றாமல் பிரிக்கிற மற்ற இயந்திரத்தில் ஓட்டினாள். அரைமணி நேரம் திரையைப் பார்த்தபடி நின்றாள். ஒரே ஒரு கூம்பு. வாலு. பெரியவன் பெயருக்குக்கூட இல்லை.

அந்த ஆள் சொன்னது அத்தனையும் நிஜம். அதைவிடப் பெரிய பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. உறை காலி. இனி உலகத்தில் யார் நினைத்தாலும் அந்தத் தாளைச் சோதிக்க முடியாது. குப்பியில் ஒட்டியிருக்கும் மிச்சக் கரைசலுக்கு முத்திரை இல்லை, பதிவு இல்லை, கோர்ட்டுக்கு அது வெறும் தண்ணீர். அவள் வாயைத் திறக்காவிட்டால் இந்தத் தப்பு யாருக்கும், என்றைக்கும் தெரியப் போவதில்லை. அந்த நிம்மதி ஒரு நொடி அவள் மனதில் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டு அவளே மிரண்டு போனாள்.

புதன்கிழமை காலை இயக்குநரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கிற, ரத்தக்கொதிப்பு மாத்திரையை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிற மனிதர். அவள் சொல்லச் சொல்ல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். வயிற்றுக்குள் போனால் இரண்டும் ஒன்றுதானே, ரத்தத்தில் ஓடப்போகிறவன் அதே பெரியவன்தானே, நீ எழுதியதில் என்ன பெரிய தப்பு என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நேற்று மாலையிலிருந்து அவளும் அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தன்னிடமே சொல்லிக்கொண்ட பதிலை அவரிடமும் சொன்னாள்: சட்டம் பார்ப்பது தாளில் இருந்ததை, வயிற்றில் ஆகப்போவதை இல்லை. வயிற்றில் ஆவதைப் பார்ப்பதாக இருந்தால் வாலுவைத் தனியாகப் பட்டியலில் சேர்த்திருக்கவே வேண்டாமே.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, மாதிரி எங்கே என்றார்.

"தீர்ந்துபோச்சு சார்."

"பதிவேட்டுல எழுதினியா?"

"இல்ல சார்."

அவர் பயமுறுத்தச் சொல்லவில்லை, பயந்துபோய்த்தான் சொன்னார். "அப்போ நீ சாட்சியத்தை அழிச்சிருக்கேம்மா. தெரியுதா? தப்பா எழுதினதுக்கு மெமோ. இதுக்கு ஜெயில்."

அவர் பேசிக்கொண்டே போனார். வாலு நடமாடிய இரண்டு வருடத்தில் இந்தக் கூடத்திலிருந்து பெரியவன் என்று போன அறிக்கைகள் முப்பத்தொன்று. எல்லாம் மெத்தனால். எல்லாவற்றிலும் மேலொப்பம் அவருடையது. ஒன்றை அசைத்தால் முப்பத்தொன்றும் அசையும். நீயாகப் போய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஆளின் வக்கீல் அரசாங்கம் ஏற்பாடு செய்த வக்கீல், அவர் ரசாயனத்தில் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார் என்றார்.

"உன்னை ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. இது உன் கையெழுத்தான்னு. ஆமான்னு சொல்லிட்டு வா. அது பொய்கூட இல்லம்மா."

அது பொய்கூட இல்லை என்ற வார்த்தைதான் அவளைப் பிடித்து ஆட்டியது. அன்று மாலை வரை ஒரு மாதிரியையும் தொடாமல் பதிவேட்டின் வெற்றுக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் தேதி போட்டு ஒரு வரி எழுதிவிடலாமா என்று பேனாவைக்கூட எடுத்தாள். எழுதாமல் மூடி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை, மகள் பள்ளிக்குப் போன பிறகு, சமையலறையில் நின்றபடியே கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தரத்தில் தொங்குகிற பெட்டிக்கு மேல் நின்று வேலை பார்க்கிறவன், சாமானியத்தில் பயப்படமாட்டான். பாதி குடித்த டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, மகளுக்கு இந்த வருடம் பொதுத்தேர்வு என்பதை நினைவூட்டினான். பிறகு ஒரு முழு நிமிடம் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"நான் ஒரு கேபிளைச் சரியா மாட்டலைன்னு வீட்டுக்கு வந்தப்புறம் ஞாபகம் வந்தா, திரும்பிப் போவேன். ஆனா உன்னைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. என்கிட்ட கேக்காதே" என்றான்.

அவள் கேட்கவில்லை. புடவை முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். கைப்பையில் அரைமணி நேரம் ஓடிய அந்த ஒற்றைக் கூம்பின் அச்சு இருந்தது. எடுத்துப்போக வேண்டும் என்று முடிவெடுத்து வைத்ததில்லை. வெளியே எடுத்து வைக்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

கோர்ட்டு அறையில் மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் சுற்றியது. கூண்டில் நின்ற ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. பதினான்கு மாதம் முன்பு வழக்கு எண்ணாகத்தான் அவரைத் தெரியும். ஐம்பது வயது இருக்கும். இடது நெற்றியில், தலைமுடி தொடங்குகிற இடத்தில், ஆறியும் ஆறாததுமாக ஒரு தழும்பு. அவர் யாரையும் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் அவர் மனைவி இருந்தாள், அவளும் அவரைப் பார்க்கவில்லை.

அரசு வக்கீல் அறிக்கையை நீட்டினார். இது நீங்கள் தயாரித்ததா, கையெழுத்து உங்களுடையதா என்று, தூக்கக் கலக்கத்தில் கேட்பது போலக் கேட்டார். அவருக்கு அன்றைக்கு ஏழாவது சாட்சி. மைக்ரோ அதை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தாள். ஆமாம் என்றாள்.

அவர் உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் பாதி எழுந்து, கேள்வி ஏதும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். நீதிபதி அம்மாள் எழுதிக்கொண்டே, நீங்கள் போகலாம் என்பதாகத் தலையசைத்தார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மைக்ரோ சாட்சிக் கூண்டின் படியில் ஒரு காலை இறக்கினாள். இன்னொரு காலை இறக்கினால் போதும், வாழ்நாள் முழுக்கப் பத்திரம். அந்தக் கால் வரவில்லை.

"அம்மா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அம்மா, கையெழுத்து என்னுதுதான். ஆனா அறிக்கை தப்பு. அவர் சொன்னதுதான் சரி."

அரசு வக்கீலின் தூக்கம் போயிற்று. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டார். மைக்ரோ சொல்லத் தொடங்கினாள். முதலில் கோர்வையாக வரவில்லை. வால், சூடு, மெத்தனால் என்று குழறினாள். நான்காம் பக்கத்தைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டாள். கோப்பு திறக்கப்பட்டு அந்தப் பக்கம் வந்ததும், தான் 'அசுத்தம்' என்று எழுதிய சின்னக் கூம்பைத் தொட்டுக் காட்டினாள். அது அசுத்தம் இல்லை, அறுபடாமல் தப்பிய நிஜப் பொருள், அவர் தாளில் இருந்தது அதுதான் என்றாள். அதற்குப் பிறகு குரல் தேறிவிட்டது. கைப்பையிலிருந்த அச்சையும் கொடுத்தாள். மாதிரி எங்கே என்று நீதிபதி கேட்டபோது, பாதியைப் பழக்கதோஷத்தில் வீணாக்கியதையும், மீதியைச் சோதித்ததில் தீர்ந்ததையும், பதிவேட்டில் எழுதாததையும் அப்படியே சொன்னாள். இன்னும் முப்பது அறிக்கைகளையும் இதேபோலத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்காமலேயே சொன்னாள்.

மதியத்துக்குள் முடிந்தது. தயாரித்தவரே கைவிட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு வழக்கு நிற்காது என்பது அரசு வக்கீலுக்கே தெரிந்திருந்தது, ஜாமீனை எதிர்க்கவில்லை. ஆளை ஜாமீனில் விடச் சொல்லி உத்தரவாயிற்று. அதே உத்தரவின் அடுத்த பத்தி மைக்ரோவைப் பற்றியது: சாட்சியப் பொருளைப் பதிவின்றி அழித்தது குறித்து விசாரணை, வாக்குமூலம் எழுதி வாங்கும்வரை வளாகத்தை விட்டுப் போகக்கூடாது.

தாழ்வாரத்து மரப்பெஞ்சில் அவளை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். கைபேசியில் இயக்குநரின் பெயர் ஒன்பது தடவை மின்னி அணைந்திருந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். மகளிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசிக்க முயன்றாள்.

நாலு மணிக்கு அந்த ஆள் வெளியே வந்தார். கையில் ஒரு துணிப்பை. மனைவி இரண்டடி பின்னால் வந்தாள். மைக்ரோவைக் கண்டதும் நின்றார். கையெடுத்துக் கும்பிடுவார் அல்லது காறித் துப்புவார், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் எழுந்து நின்றாள். அவர் இரண்டையும் செய்யவில்லை. உள்ளே இருந்தபோது வலிப் பருவம் இரண்டு தடவை வந்தது என்றார். சுவரில் மோதிக்கொண்டதை நடிப்பு என்று சொல்லிக் கையைக் கட்டிப் போட்டார்களாம். புகார் சொல்கிற குரல் இல்லை, டாக்டரிடம் விவரம் சொல்கிற குரல். பிறகு பெண் போலீஸுக்குக் கேட்காதபடி தாழ்ந்து கேட்டார்.

"மேடம், அது இப்ப லிஸ்ட்ல இருக்கா?"

"இருக்கு" என்றாள். "ரெண்டு மாசமா இருக்கு."

"அப்ப இனிமே ஒண்ணு வச்சிருந்தாக்கூட..."

"ஆமாங்க. இனிமே நிஜமாவே குத்தம்."

அவர் தலையாட்டினார். நீதிபதி விடச் சொன்னபோதுகூட மாறாத அந்த முகம் இப்போது மாறியது. இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, விரலை மடக்கி எதையோ எண்ணினார்.

"இன்னும் பதினெட்டு நாள்ல ஆரம்பிச்சிரும்" என்றார்.

பின்னால் நின்ற மனைவி, அன்று முதல்முறையாக, அருகே வந்து அவர் முழங்கையைப் பிடித்து, வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அழைத்துப் போனாள்.